சீன வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது, யாரை நம்புவது?

கேள்வி இது: “சீன வரலாறு படிக்க ஆசைப்பட்டு 900 பக்கத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். மூன்று தடவை தொடங்கியும் சௌ வம்சத்தைத் தாண்ட முடியவில்லை. பெயரெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. அதுவும் போக, வரலாறு என்பதே ஜெயித்தவன் எழுதிவைத்ததுதானே? எதை நம்பிப் படிப்பது, எங்கே ஆரம்பிப்பது?”

முதலில் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பிறகு வேண்டியிருக்கும். மூவாயிரம் வருடத்துக் கதையை முதல் பக்கத்தில் பிடித்துக் கடைசிப் பக்கம் வரை ஓட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் ஓட்டியதில்லை.

நான் பேராசிரியன் இல்லை. கணக்கு எழுதிப் பிழைத்தவன். இருபத்தைந்து வருடமாகச் சாயங்கால வேளைகளில் இந்தப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். தொடங்கியது திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிய, முதுகு கிழிந்த பழைய பதிப்பு ஒன்றில். கூடவே நூலகத்திலிருந்து ஒரு புதிய புத்தகம். சீனப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரு பழைய முறை, ஒரு புதிய முறை என்று இரண்டு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணி, நோட்டில் தனித்தனிப் பக்கம் போட்டுக் குறிப்பெழுதி வந்தேன். ஒரே ஆசாமிக்கு இரண்டு கணக்குத் திறந்துவிட்டோம் என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று. பேரேடு எழுதுகிறவனுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறில்லை. பெயர்க் குழப்பத்துக்குப் பிறகு வருகிறேன்.

தொடங்க ஒரு புத்தகம் சொல் என்றால், ரே ஹுவாங் 1981-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘1587, எ இயர் ஆஃப் நோ சிக்னிஃபிகன்ஸ்’ என்பேன். ‘ஒன்றும் நடக்காத ஒரு வருடம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிங் வம்சத்து வான்லி சக்கரவர்த்தியின் ஆட்சியில் ஒரே ஒரு வருடம். போர் இல்லை, புரட்சி இல்லை.

அந்த வருடம் மார்ச் 2-ஆம் தேதி பெய்ஜிங்கில் ஒரு வதந்தி பரவுகிறது: இன்று நண்பகலில் சக்கரவர்த்தி தர்பார் கூட்டுகிறாராம். அதிகாரிகள் போட்டது போட்டபடி அரண்மனைக்கு ஓடுகிறார்கள். வாசல் காவலர்களும், இத்தனை பேர் வருகிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று உள்ளே விட்டுவிடுகிறார்கள். கூடிய பிறகுதான் தெரிகிறது, தர்பாரும் இல்லை, ஒன்றும் இல்லை. வதந்தியைக் கிளப்பியது யார் என்று விசாரணை நடக்கிறது. ஆள் அகப்படவில்லை. அதிகாரிகளுக்கு இரண்டு மாதச் சம்பளம் பிடித்தம்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மடித்துவிட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது அந்நிய நாட்டுக் கதையாக இருக்காது. மிங் அரசு என்றால் என்ன, சக்கரவர்த்தி என்ற பதவி எவ்வளவு சடங்கில் சிக்கியது, அதிகாரிகள் என்ற பெரும்படை எதற்குப் பயந்து வாழ்ந்தது என்பதையெல்லாம் விளக்கவுரை இல்லாமல் அந்த ஒரு பகல்பொழுது காட்டிவிடுகிறது.

பிறகு ஒவ்வொரு ஆளாக வருகிறார்கள். ஒன்பது வயதில் பட்டமேறிய வான்லி, தனக்குப் பிடித்த மூன்றாவது மகனுக்குப் பட்டம் சூட்ட நினைக்கிறார். மூத்தவன் இருக்கும்போது அது முடியாது என்று அதிகாரிகள் ஒரே பிடியாக நிற்கிறார்கள். சக்கரவர்த்தியால் அவர்களை வெல்லவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கடைசியில் வேலைநிறுத்தம் செய்கிறார். ஆமாம், சக்கரவர்த்தியே. தர்பாருக்கு வருவதில்லை, கோப்பு பார்ப்பதில்லை, காலியான பதவிகளை நிரப்புவதில்லை. அவரை வளர்த்து ஆளாக்கிய முதன்மை அமைச்சர் ஜாங் ஜூஜெங் 1582-இல் இறந்ததும், இருந்தபோது வாய்திறக்காதவர்கள் எல்லாம் குற்றப்பட்டியல் வாசித்து, அவர் குடும்பத்துச் சொத்தைப் பறிமுதல் செய்யவைத்ததும் வருகிறது. லஞ்சம் வாங்காத ஹாய் ரூய் வருகிறார். இவர் வான்லியின் தாத்தா ஜியாஜிங் சக்கரவர்த்தியைக் கண்டித்து மனு எழுதியபோது, திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்து தனக்குச் சவப்பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனவர். எல்லாரும் புகழ்ந்தார்கள், யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

ஹாய் ரூய் கதை அதோடு முடியவில்லை என்பதுதான் சீன வரலாறு படிப்பதில் உள்ள விசேஷம். மிங் வரலாற்று அறிஞரும் பெய்ஜிங் துணை மேயருமான வூ ஹான், ஹாய் ரூயை வைத்து ஒரு நாடகம் எழுதினார். 1965 நவம்பரில் ஷாங்காய்ப் பத்திரிகை ஒன்றில் அந்த நாடகத்தைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. பழைய அதிகாரியின் பெயரில் மாவோவைக் குத்துகிறார் என்பது சாரம். கலாசாரப் புரட்சியின் முதல் வேட்டு அந்தக் கட்டுரை. வூ ஹான் 1969-இல் சிறையில் செத்தார். நானூறு வருடத்துக்கு முன்னால் இறந்த ஒரு நேர்மையான அதிகாரியைப் பற்றி எழுதினால் உயிர் போகும் என்ற நிலை எத்தனை நாடுகளில் உண்டு?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம், ஜெயித்தவன் எழுதிய வரலாறு. ரே ஹுவாங் யார்? சியாங் கை ஷேக்கின் தேசியப் படையில் அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் காயம்பட்டவர். 1949-இல் அவர் தரப்பு மாவோவின் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றது. அமெரிக்கா போய், சில்லறை வேலைகள் பார்த்துப் படித்து, 46 வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். அறுபதைத் தாண்டிய வயதில் பல்கலைக்கழக வேலையும் போயிற்று. அந்தச் சமயத்தில் வெளிவந்த புத்தகம்தான் இது. எவ்வளவு திறமைசாலிகள் இருந்தும் ஒரு பேரரசு ஏன் அசையமுடியாமல் இறுகிப்போனது என்று ஒருவர் இத்தனை பொறுமையாகத் தேடுகிறார் என்றால், என் படை ஏன் தோற்றது என்ற கேள்வி அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஜெயித்தவனுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. ஏன் ஜெயித்தோம் என்பதற்கு அவனிடம் பதில் ரெடியாக இருக்கும்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஏறக்குறைய 2,100 வருடத்துக்கு முன்னால் சிமா சியான் எழுதிவிட்டார். சீன வரலாற்றெழுத்தின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் அதே ஆள். ஹான் அரசவையில் வானியலும் ஆவணமும் பார்த்த அதிகாரி. அப்பா, சிமா டான் என்பவர், சாகும்போது, நான் தொடங்கிய வரலாற்றை நீ முடி என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். பொ.ஆ.மு. 99-இல் லி லிங் என்ற தளபதி ஐயாயிரம் காலாட்படையோடு புல்வெளி நாடோடிகளிடம் சிக்கிச் சரணடைந்தார். அவையில் எல்லாரும் லி லிங்கைத் திட்ட, சிமா சியான் மட்டும் அவருக்காக ஒரு வார்த்தை பேசினார். சக்கரவர்த்தி வூ-வுக்கு அது பொறுக்கவில்லை. தண்டனையைப் பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம், இவரிடம் பணம் இல்லை. மானமுள்ளவன் தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்பது அன்றைய வழக்கு. இவர் விதையடிப்பை ஏற்று உயிரோடு இருந்தார், புத்தகம் முடியவில்லை என்பதற்காக.

நண்பர் ரென் ஆனுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். அதில் ஒரு பட்டியல் வரும்: சிறையில் அடைபட்ட மன்னர் வென், நாடு கடத்தப்பட்ட கவி சூ யுவான், பார்வை போன சுவோ சியு, பாதம் வெட்டப்பட்ட சுன். பெரிய நூல்களையெல்லாம் எழுதியவர்கள் இப்படி வழி அடைபட்டவர்கள்தான் என்கிறார். தோற்றவர்களின் பட்டியலைத் தோற்ற ஒருவரே போட்டு, கடைசி வரியில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டது போல இருக்கும். சீன வரலாற்றில் ஒரே ஒரு மூலநூல் பக்கம் படிக்க நேரம் இருந்தால் அந்தக் கடிதத்தைப் படியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல உள்ளன, சில பக்கம்தான்.

அவர் எழுதிய ‘ஷிஜி’ 130 அத்தியாயம். அரசர்களுக்கு 12, கால அட்டவணைக்கு 10, சடங்கு, கால்வாய், நாணயம் போன்ற விஷயங்களுக்கு 8, பெருங்குடிகளுக்கு 30, மீதி 70 தனி மனிதர்களுக்கு. அந்த எழுபதில் கொலையாளிகள், விதூஷகர்கள், வியாபாரிகள், ஜோசியர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். எந்த ஆளை எந்தப் பிரிவில் வைக்கிறார் என்பதிலேயே அவர் தீர்ப்பு இருக்கிறது. ஹான் வம்சத்தின் முதல் சக்கரவர்த்தியோடு மோதித் தோற்ற சியாங் யு ஒருநாளும் சக்கரவர்த்தி ஆனதில்லை. அவரை அரசர்கள் பிரிவில் வைத்தார். ஹான் அரசின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே இதைச் செய்தார் என்பதை மறக்கவேண்டாம்.

நம்பகம்? அவருக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஷாங் வம்சத்து அரசர் வரிசையை ‘ஷிஜி’ தருகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதையெல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1899-இல் மருந்துக்கு அரைக்கும் ‘டிராகன் எலும்பு’களில் பழைய எழுத்து இருப்பது கவனத்துக்கு வந்தது. ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் குறி கேட்டுப் பொறித்தவை. அவை ஆன்யாங் பக்கத்து நிலத்திலிருந்து வருகின்றன என்பது பிறகு தெரிந்தது. 1917-இல் வாங் குவோவெய் அவற்றிலுள்ள அரசர் பெயர்களைச் சிமா சியானின் வரிசையோடு ஒட்டிப் பார்த்தார். அங்கங்கே சிறு பிசகு தவிர, வரிசை நின்றது.

இந்த இடத்தில் சிமா சியான் பக்தராகிவிடாதீர்கள். நான் ஆகியிருந்தேன், ஒரு மூங்கில் சட்டம் என்னைத் தெளியவைத்தது.

‘ஷிஜி’யில் புகழ்பெற்ற ஒரு காட்சி. பொ.ஆ.மு. 209. சீனாவை ஒன்றாக்கிய முதல் சக்கரவர்த்தி இறந்து ஒரு வருடம். 900 பேரை எல்லைக் காவலுக்கு நடத்திக் கூட்டிப் போகிறார்கள். வழியில் அடைமழை, பாதை மூழ்கிவிட்டது, குறித்த நாளுக்குள் போய்ச் சேர முடியாது. தாமதித்தால் மரண தண்டனை. சென் ஷெங்கும் வூ குவாங்கும் யோசிக்கிறார்கள்: போனாலும் சாவு, கலகம் செய்தாலும் சாவு, அப்படியானால் கலகமே செய்வோம். சின் பேரரசு சரியத் தொடங்கியது அந்த மழையில்தான். கொடுங்கோல் சட்டம் தன் தலையில் தானே மண் போட்டுக்கொண்டது என்பதற்கு இரண்டாயிரம் வருடமாகக் காட்டப்படும் உதாரணம்.

1975 டிசம்பரில் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹுதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். சின் அரசின் சிறு சட்ட அதிகாரி ஒருவருடையது. எலும்புக்கூட்டைச் சுற்றி, தலைமாட்டிலும் காலடியிலும் வயிற்றின் மேலும், ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கில் பட்டைகள். பெரும்பாலும் சட்ட வாசகங்கள். அதில் கட்டாய உழைப்புக்கு ஆள் அனுப்புவது பற்றிய விதியும் உண்டு. மூன்று முதல் ஐந்து நாள் தாமதமானால் கண்டிப்பு. ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயம் அபராதம். பத்து நாளைத் தாண்டினால் ஒரு கவசம். மழையால் வேலைக்கு இடையூறு வந்தால் அந்த அழைப்பே தள்ளுபடி.

கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு பரிச்சயமாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொடுங்கோன்மை என்று படித்த இடத்தில், நம் வருமானவரிக் கெடுவுக்கான அபராத அட்டவணை மாதிரி ஒன்று இருக்கிறது. மழை விலக்கு வேறு.

அப்படியானால் சிமா சியான் பொய் சொன்னாரா? அவசரப்பட வேண்டாம். மூங்கிலில் இருப்பது ஊர்வேலைக்கான விதி. அந்த 900 பேர் போனது எல்லைக் காவலுக்கு, அதற்கு ராணுவ விதி தனியாக இருந்திருக்கலாம். மூங்கில் சட்டம் ஒன்றிணைப்புக்கு முந்தைய காலத்தது, பின்னால் கடுமை கூடியிருக்கலாம். அல்லது சென் ஷெங் ஆட்களை உசுப்பிவிட மரண தண்டனை என்று சொல்லியிருக்கலாம். அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சின் அரசைக் கவிழ்த்து வந்த ஹான் அரசுக்குச் சின் அரசைக் கறுப்பாகக் காட்டும் தேவை இருந்தது என்பது மட்டும் நிச்சயம். சிமா சியான் தனக்குக் கிடைத்த கதையைக் கேட்டு எழுதியவர், அந்தக் கதை ஜெயித்தவர் வீட்டில் சொல்லப்பட்டது. ஆக தோற்றவன் எழுதினான் என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. வழக்கில் தோற்றவன் வக்கீலையும் நீதிபதியையும் வண்டை வண்டையாகத் திட்டுவான். அதில் பாதி உண்மை இருக்கும், எந்தப் பாதி என்பதை மூங்கிலும் எலும்பும் வந்து சொன்னால்தான் உண்டு.

அரசாங்கம் எழுதிய வரலாறுகளைப் பற்றியும் கொஞ்சம். ஒவ்வொரு வம்சமும் தனக்கு முந்தைய வம்சத்தின் வரலாற்றை எழுதுவது மரபாகி, மொத்தம் 24 சேர்ந்தன. சக்கரவர்த்தியின் பக்கத்தில் குறிப்பெழுத ஆள், அந்தக் குறிப்பிலிருந்து ஆட்சி முடிந்ததும் ஒரு பதிவு, வம்சமே முடிந்ததும் அடுத்தவர் எழுதும் முழு வரலாறு. அண்ணன் தம்பியைக் கொன்று 626-இல் அதிகாரத்துக்கு வந்த தாங் சக்கரவர்த்தி தாய்சோங், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று குறிப்பேட்டைக் கேட்டார். சூ சுய்லியாங் என்ற அதிகாரி, அரசர் அதைப் பார்க்கும் வழக்கம் கிடையாது என்று சொல்லி மறுத்துவிட்டார். தவறு செய்தால் அதையும் எழுதுவாயா என்று கேட்டதற்கு, அதுதான் என் வேலை என்றாராம். பின்னால் வேறொரு வழியாகச் சக்கரவர்த்தி தொகுத்த பதிவை வாங்கிப் பார்த்துவிட்டார் என்பதும் அதே மரபில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது தகவல்தான். பூட்டு உடைந்ததையும் பேரேட்டிலேயே பதிந்துவிட்டார்கள்.

மிங் வம்சத்தின் வரலாற்றை அடுத்து வந்த சிங் அரசு எழுதி முடிக்கத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று, 1739-இல் முடிந்தது. மிங் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணங்கள் (1405 முதல் 1433 வரை ஏழு) அதில் வருகின்றன. 44 ஜாங் (சீன நீள அளவு) நீளம், 18 ஜாங் அகலம் கொண்ட 62 கப்பல்கள் என்கிறது. கணக்குப் போட்டால் 130 மீட்டருக்கு மேல் வரும். மரத்தில் அப்படி ஒரு கப்பல் கடலில் தாங்குமா என்று கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் சந்தேகிக்கிறார்கள். மூன்று நூற்றாண்டு கழித்து எழுதிய எண் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே செங் ஹே பற்றி நம் எழுத்திலும் ஒரு சான்று இருக்கிறது. 1409 தேதியிட்டு நான்ஜிங்கில் செதுக்கிக் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்த கல். 1911-இல் காலி நகரத்தில் வாய்க்கால் மூடியாகக் கிடந்த இடத்தில் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் படித்தால் மிங் சக்கரவர்த்தி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறார். தமிழில் படித்தால் அதே சக்கரவர்த்தி தெனவரை நாயனாருக்கு, அதாவது தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட விஷ்ணுவுக்கு, செலுத்துகிறார். தேய்ந்துபோன பாரசீகப் பகுதியில் அது இஸ்லாமியருக்கு உரியதாகிறது. சீனத்துக்கும் தமிழுக்கும் காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய் என்று போகிறது.

மூன்று மொழியும் தெரிந்தவர் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒவ்வொருவரும் தன் சாமிக்குத்தான் சீன ராஜா கும்பிடு போட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஒரு பற்றுச்சீட்டை வைத்து மூன்று இடத்தில் வரவு காட்டியது போல. அல்லது உண்மையிலேயே மூன்று தடவை கொடுத்தார்களோ என்னவோ. இரண்டு வருடம் கழித்து, 1411-இல், இதே செங் ஹேயின் படை இலங்கையின் ஆட்சியாளர் அழகக்கோனாரைப் பிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோயிற்று. கல்லை மட்டும் படித்தால் பக்தி, மிங் வரலாற்றை மட்டும் படித்தால் படையெடுப்பு.

(சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281 தேதியிட்ட தமிழ்க் கல்வெட்டும் உண்டு, அங்கிருந்த சிவன் கோயிலுக்கானது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ‘அன்றே சீனாவை ஆண்ட தமிழன்’ என்று கிளம்புகிறவர்களிடமிருந்து சற்று விலகி நில்லுங்கள். வியாபாரிகள் போனார்கள், கோயில் கட்டினார்கள், அதற்கு அங்கே ஆண்ட மங்கோலியக் கானின் அனுமதி வாங்கினார்கள். அதுவே பெரிய விஷயம்.)

இந்த மாதிரி ஆர்வக்கோளாறு சீனாவைப் பற்றியும் உண்டு. ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி ஒருவர் 2002-இல் ‘1421’ என்று எழுதினார். செங் ஹேயின் கப்பல்கள்தான் முதலில் அமெரிக்கா போயின என்று. விறுவிறுப்பாக இருக்கும், லட்சக்கணக்கில் விற்றது, ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் தள்ளிவிட்டார்கள். ரயிலில் படிக்கலாம்.

உலக வரலாறு என்று கேட்டால் எனக்கு இன்னமும் முதலில் நினைவுக்கு வருவது நேரு மகளுக்கு எழுதிய கடிதங்கள். 1930 முதல் 1933 வரை சிறையில் இருந்து 196 கடிதங்கள். இங்கேயும் பாருங்கள், சிறை. நூலகம் இல்லை, கைவசம் இருந்த சில புத்தகங்களும் பழைய குறிப்புகளும்தான். பிழைகள் உண்டு, இன்றைய ஆராய்ச்சியில் பல பகுதி பழசாகிவிட்டது. ஆனால் ஐரோப்பாவை நடுவில் வைக்காமல், சீனாவுக்கு நிறைய இடம் கொடுத்து, ஒரு இந்தியர் அந்தக் காலத்திலேயே எழுதியது. சீனாவைப் பற்றி அவர் அவ்வளவு அன்போடு எழுதிய பக்கங்களை 1962-ஐ மனதில் வைத்துக்கொண்டு படிக்க நேரும்போது ஒரு மாதிரி இருக்கும். தமிழிலேயே வேண்டும் என்றால் வெ. சாமிநாத சர்மா சீனாவின் வரலாற்றையும் சன் யாட் சென் வாழ்க்கையையும் எழுதியிருக்கிறார். அவரும் ரங்கூனில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு 1942-இல் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். பழைய நூல்கள்தான், ஆனால் அந்த உரைநடை தெளிந்த தண்ணீர்.

வெளியே பார்த்தாலும் இதே கதை. ஆம்ஃபிபொலிஸைக் காப்பாற்றத் தவறியதற்காக ஏதென்ஸ் துரத்திவிட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், இருபது வருட நாடுகடத்தலால்தான் இரு பக்கத்தையும் பார்க்க முடிந்தது என்று அவரே எழுதுகிறார். பிரான்சின் பெர்னான் பிரோதெல் மத்தியதரைக் கடலைப் பற்றிய தன் பெரும் நூலை ஜெர்மன் போர்க்கைதி முகாமில், பெரும்பாலும் நினைவிலிருந்தே, நோட்டு நோட்டாக எழுதினார்.

பொருளாதார வரலாற்றில் விருப்பம் இருந்தால் கென்னத் பொமரான்ஸ் 2000-இல் எழுதிய ‘தி கிரேட் டைவர்ஜன்ஸ்’. பதினெட்டாம் நூற்றாண்டு வரை யாங்சி கழிமுகமும் இங்கிலாந்தும் வாழ்க்கைத்தரத்தில் ஏறக்குறைய சமம், பிறகு இங்கிலாந்து முந்தியது கைக்கு எட்டிய நிலக்கரியாலும் அமெரிக்க நிலத்தாலும் என்பது வாதம். அதோடு பிரசன்னன் பார்த்தசாரதியையும் படியுங்கள். தென்னிந்திய நெசவாளரின் கூலியைப் பணமாகப் பார்க்காமல் அது வாங்கும் தானியமாகப் பார்த்தால் பிரிட்டிஷ் நெசவாளருக்குக் குறைந்ததில்லை என்று 1998-இலேயே வாதிட்டவர். மறுப்பவர்களும் இருக்கிறார்கள், இந்தியாவும் சீனாவும் முன்பே பின்தங்கிவிட்டன என்று வேறு கூலிக் கணக்கு காட்டுகிறார்கள். நடை வறட்சிதான். எனக்கு அது உறைக்கவில்லை, உங்களுக்கு உறைக்கலாம்.

கடைசியாக ஒரு கனமான புத்தகம். யாங் ஜிஷெங், 1940-இல் பிறந்தவர், அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவாவில் பல்லாண்டு நிருபர். 1959-இல் பள்ளியில் இருந்தபோது ஊரிலிருந்து ஆள் வந்து கூப்பிட, தன்னை வளர்த்த தந்தை பசியால் எலும்பும் தோலுமாகக் கிடப்பதைப் பார்த்தார். சில நாளில் இறந்துவிட்டார். அன்றைக்கு யாங் அதைத் தன் குடும்பத்துக்கு வந்த தனிக் கஷ்டம் என்றே எண்ணினார், கட்சி மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. நாடு முழுக்க அப்படித்தான் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1990-களில் வேறு ஆய்வு என்ற பெயரில் மாகாண ஆவணக் காப்பகங்களுக்குள் போய்க் கோப்பு கோப்பாகத் திரட்டி, ‘முபெய்’, அதாவது ‘கல்லறைக் கல்’, என்று 2008-இல் ஹாங்காங்கில் வெளியிட்டார். சீனாவில் தடை.

‘பெரும் பாய்ச்சல்’ என்ற மாவோவின் அவசர வளர்ச்சித் திட்டத்தால் வந்த பஞ்சத்தில் இறந்தவர் மூன்று கோடியே அறுபது லட்சம் என்பது அவர் கணக்கு. ஃபிராங்க் டிகோட்டர் 2010-இல் குறைந்தது நாலரைக் கோடி என்கிறார். இதைவிட மிகக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. எண் ஏன் இப்படி ஆடுகிறது? பஞ்சமே வராதிருந்தால் அந்த வருடங்களில் வழக்கமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று முதலில் ஒரு அடிப்படை வைக்கவேண்டும். அதற்கு மேலே இருப்பதைத்தான் பஞ்சச் சாவு என்கிறோம். அடிப்படையைக் கொஞ்சம் அசைத்தால் லட்சங்கள் ஏறி இறங்கும். நான் எந்த எண்ணையும் மனப்பாடம் செய்வதில்லை, எப்படிக் கூட்டினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வேன்.

இதைப் படித்துவிட்டு, நல்ல வேளை நம் நாட்டில் தேர்தலும் பத்திரிகையும் இருந்தன என்று நிம்மதி வரும். அமர்த்திய சென்னும் அதைத்தான் சொன்னார், சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு பஞ்சம் வராததற்கு அதுவே காரணம் என்று. ஆனால் ஷான் திரேஸோடு 1989-இல் எழுதிய புத்தகத்தில் அவரே இன்னொரு கணக்கும் போடுகிறார்: சீனாவைவிட இந்தியாவில் வழக்கமான சாவு விகிதம் அதிகம், அதனால் சத்தமில்லாமல் கூடுதலாகச் சாகிறவர்களைக் கூட்டினால், எட்டு வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பஞ்சத்தின் அளவை இந்தியா தாண்டிவிடுகிறது. தலைப்புச் செய்தியாக வராத சாவுகள். அந்தப் பத்தியைப் படித்த அன்று நான் வேறு எதுவும் படிக்கவில்லை.

சரி, பெயர்கள். ஒரு சக்கரவர்த்திக்குக் குறைந்தது மூன்று பெயர்: பிறந்தபோது வைத்தது, ஆட்சிக்காலத்துக்கு வைத்தது, இறந்த பின் கோயிலில் வைத்தது. வான்லி என்பது ஆட்சிப் பெயர், ஆள் பெயர் சூ யிஜுன், இறந்தபின் ஷென்சோங். அருள்மொழிவர்மனும் ராஜராஜனும் ஒருவரே என்று தெரிந்த நமக்கு இது கஷ்டமே இல்லை. மிங், சிங் அரசர்களை ஆட்சிப் பெயரிலும், தாங், சோங் அரசர்களைக் கோயில் பெயரிலும் குறிப்பது வழக்கம் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சின், ஜின், சிங் மூன்றும் வேறு வேறு வம்சங்கள். தமிழில் எழுதும்போது இன்னும் நெருங்கிவிடும், நோட்டில் வருடத்தைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகமா, 1979-க்குப் பிறகு பரவலான புதிய எழுத்துமுறையா என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள். பீக்கிங் என்று இருந்தால் பழசு, பெய்ஜிங் என்று இருந்தால் புதிது. என் ஆறு மாதம் உங்களுக்கு மிச்சம்.

வரைபடம் ஒன்று மேசையில் இருக்கட்டும், ஆனால் மஞ்சள் நதியை நம்பாதீர்கள். அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1855 வரை ஷாண்டோங் மாகாணத்துக்குத் தெற்கே கடலில் கலந்தது, அந்த வருடம் கரை உடைத்துக்கொண்டு வடக்கே போய்விட்டது. மிங் காலத்துக் கதையை இன்றைய வரைபடத்தில் தேடினால் நதி தப்பான இடத்தில் ஓடும்.

‘1587’ முடிந்ததும் உங்கள் 900 பக்கப் புத்தகத்தை எடுங்கள். சௌ வம்சத்துக்குப் போகாதீர்கள். கடைசியில் உள்ள பெயர்ச்சுட்டியில் வான்லி என்று தேடி, அந்தப் பக்கத்தைத் திறங்கள். அநேகமாக நாலைந்து பக்கம்தான் கொடுத்திருப்பார்கள், சோம்பேறிச் சக்கரவர்த்தி என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.